படுத்திருக்கும் பயிருக்காக எழுந்து நிற்கிறேன்

நான் வாடகைக்குத் தந்த குஷன் நாற்காலியில் இடுப்பு வரை அமிழ்ந்து இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பால் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஐயா அவர்களே! அவர் காதில் எதையோ கிசுகிசுத்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! கறக்கும் கரங்களால் காலையைத் தொடங்கி வைக்கும் கறவைக்காரப் பெருமக்களே! பால் பொங்கும் நேரம் பார்த்து அடுப்பை அணைக்கத் தெரிந்த, ஆனால் பேச்சாளர் பொங்கும்போது எதை அணைப்பது என்று தெரியாமல் தவிக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கண்களை மூடி ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! சிந்தனையின் நடுவே லேசாகக் குறட்டையும் விடும் பெரியவரே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்!

என்னை உங்களுக்குத் தெரியும். முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.’ இந்த மேடையில் நான் இதுவரை ஆற்றிய உரைகள் அவ்வளவுதான். ‘ஃபோர்’ என்று சொல்வதற்குள் யாராவது வந்து மைக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். எத்தனை தலைவர்கள், எத்தனை முழக்கங்கள்! அத்தனையையும் மேடைக்குக் கீழே, ஒயர்களுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டவன் நான். கேட்டதெல்லாம் உள்ளே சேர்ந்து, இன்றைக்குத்தான் வெளியே வருகிறது.

யாரப்பா அது, சீக்கிரம் முடிக்கச் சொல்வது? தம்பி, மைக் என்னுடையது. ஒலிபெருக்கி என்னுடையது. கரண்டை நிறுத்தினால் ஓடத் தயாராக நிற்கும் ஜெனரேட்டரும் என்னுடையது. நீ உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியும் என்னுடையதுதான். உட்கார் ராசா, உட்கார்.

பேரன்புடையீர்! இன்றைய தீர்மானம் என்ன? பால் சேகரிப்பு நிலையத்துக்குப் பின்னால் ஊதாப்பூ பூத்துக் கிடக்கிறதே குதிரைமசால் வயல், அதை நாளைக் காலையில் டிராக்டர் விட்டு உழுதுவிடுவது. ஏன்? அது செய்த குற்றம் என்ன? களவு செய்ததா? கலப்படம் செய்ததா? கறவை மாட்டைக் கவிழ்த்ததா? இல்லை ஐயா, இல்லை! அது படுத்துவிட்டது. நிற்க வேண்டிய பயிர் காற்றடித்ததும் படுத்துவிட்டது. அதுதான் அது செய்த ஒரே குற்றம்.

அந்தப் பயிரை உருவாக்கியவர் தீவன ஆராய்ச்சிப் பண்ணையின் ஆய்வாளர். அதோ, முன்வரிசையில் உட்கார்ந்து ‘போதும், இறங்குங்கள்’ என்று எனக்குக் கண்ணாலேயே சைகை காட்டுகிறாரே, அவர்தான். அவருக்கு மேடையில் பேச வராது. எனக்குப் பேசாமல் இருக்க வராது. அதனால்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

காலையில் சொம்பு நீட்டிப் பால் வாங்கும் மக்களே, உங்களில் மாடு வளர்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. குதிரைமசால் என்பது பயறு இனத்துத் தீவனப் பயிர். வெட்ட வெட்டத் துளிர்க்கும். சத்தெல்லாம் அதன் இலையில். சண்டித்தனமெல்லாம் அதன் தண்டில். இளசாக இருக்கும்போது தண்டும் தழைபோலக் கிடக்கும். பூ வைத்ததும் பார்க்க வேண்டுமே, விறைத்துக்கொண்டு விறகாகிவிடும்! மாடு என்ன செய்யும்? இலையைக் கிள்ளும், தண்டைத் தள்ளும், நம்மைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடும். பூத்த பிறகும் தண்டு மெல்ல வரவேண்டும், மென்றது செரிக்க வேண்டும், செரித்தது பாலாக வேண்டும். இதற்காகத்தான் என் மனைவி எங்கள் திருமணத்துக்கு முன்பிருந்தே அந்தச் செடிகளோடு குடும்பம் நடத்தி வருகிறாள். மூத்தாள் குதிரைமசால். நான் இரண்டாவது.

அந்தப் பூவைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தேனீ வந்து உட்கார்ந்தால் அந்தப் பூ உள்ளே மடங்கியிருக்கும் மகரந்தத் தண்டை விசையோடு விடுவித்துத் தேனீயின் மூஞ்சியில் ஓர் அறை அறையும். மகரந்தம் அந்த அறையில்தான் இடம் மாறுகிறது. அறை வாங்கிய தேனீ மறுமுறை என்ன செய்யும்? பக்கவாட்டில் பதுங்கி வந்து, அறை படாமல், தேனை மட்டும் உறிஞ்சிக்கொண்டு ஓடிவிடும். சிரிக்கிறீர்கள். நம் வீடுகளுக்கு வரும் சில உறவினர்கள் உங்கள் நினைவுக்கு வந்துவிட்டார்கள்போல. ஆகவே, எந்தப் பூவோடு எந்தப் பூ சேரவேண்டும் என்பதைத் தேனீயை நம்பி விடமுடியாது. என் மனைவி பல்குத்தும் குச்சியோடு வயலில் இறங்குவாள். ஒவ்வொரு பூவாகக் குச்சியால் நெம்பி, மகரந்தத்தை எடுத்து அடுத்த பூவில் வைப்பாள். ஓட்டலுக்குப் போனால் எல்லாரும் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இவள் பல்குத்தும் குச்சி எந்த மேசையில் இருக்கிறது என்று பார்ப்பாள். சாப்பிட்டுவிட்டு டப்பாவோடு கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடக்கும்போது, பின்னால் வரும் நான்தான் சர்வரைப் பார்த்து அசடு வழியவேண்டும்.

சரி, பூவைச் சேர்த்தாயிற்று, விதை வந்தாயிற்று, விதை செடியாயிற்று. எந்தச் செடியின் தண்டு மெல்லியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குப் பண்ணையில் ஓர் இயந்திரம் இருக்கிறது. அது நான் பார்த்த நாள் முதல் ‘பழுது’ என்ற பலகையை மாட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறது. இயந்திரம் இல்லாவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடுமா? வாய் இருக்கிறதே! அந்தப் பண்ணையில் வழக்கம் அதுதான். தண்டை ஒடி, மெல், துப்பு, மதிப்பெண் போடு. மெல்லுவதற்கு மூன்று பேர். என் மனைவி ஒருத்தி. பண்ணையின் டிராக்டர் ஓட்டுநர் ஒருவர். மூன்றாவது ஆள்? அடியேன்தான். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு உட்கார்ந்தேன். மேசையில் ஒரு கட்டுத் தழையைக் கொண்டுவந்து வைத்தாள்.

“ஏங்க, இதைக் கொஞ்சம் மெல்லுங்க.”

“இப்பதானேம்மா சாப்பிட்டேன்?”

“யாரு உங்களைச் சாப்பிடச் சொன்னா? மென்னு துப்புங்க. நார் நாக்குல மாட்டுதான்னு மட்டும் சொல்லுங்க.”

“நான் என்ன மாடா?”

“மாடுன்னா கேள்வி கேக்காம மென்னிருக்கும்.”

மென்றேன், தாய்மார்களே, மென்றேன். கணவன் என்ற பதவிக்கு என்னென்ன கடமைகள் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். டிராக்டர் ஓட்டுநராவது விருப்பத்தோடு மெல்லுவார். “மேடம், இதுல மட்டும் துளி உப்பு தூவினா அருமையா இருக்கும்” என்பார். அவருக்கு எல்லாச் செடியும் பிடிக்கும், எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போடுவார். எனக்கு எந்தச் செடியும் பிடிக்காது, எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடுவேன். எங்கள் இருவரையும் கூட்டி வகுத்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஆக, அந்த ஆராய்ச்சி முழுவதும் என் மனைவியின் பற்களை நம்பித்தான் நடந்தது.

இப்போது வருகிறேன், செயலாளர் அவர்களே, உங்கள் குற்றச்சாட்டுக்கு! சற்றுமுன் இதே மைக்கில் என்ன முழங்கினீர்கள்? ‘இது அறிவியலில் பிறந்த பயிர் இல்லை, பல்வலியில் பிறந்த பயிர்’ என்றீர்கள். ஆமாம் ஐயா, ஆமாம்! மறுக்கவில்லை. ஊருக்கே தெரிந்ததை மறைக்க நான் யார்? இறுதித் தேர்வு நடந்த அந்தப் பருவத்தில் அவளுக்குக் கடைவாய்ப்பல்லில் வலி வந்தது. கன்னம் பந்துபோல வீங்கியது. பல் டாக்டரிடம் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

“பூ முடியட்டும்ங்க. பல்லு எங்க ஓடிடப் போகுது?”

“வலிக்கலையா உனக்கு?”

“வலிக்குது. அதுக்காக பூ காத்திருக்குமா?”

அந்தப் பல்லோடுதான் மென்றாள். வரிசை வரிசையாக, செடி செடியாக மென்றாள். தண்டில் கொஞ்சம் நார் இருந்தாலும் போதும், ‘ஆ’ என்று துள்ளுவாள், கண்ணில் நீர் முட்டும். அந்தச் செடி தள்ளுபடி. எதை மென்றபோது அவள் கண் கலங்கவில்லையோ, அதுமட்டும் தேர்வு. நான் கேட்கிறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: பல்வலிக்காரியைவிடக் கறாரான நீதிபதி உலகத்தில் உண்டா? நன்றாக இருக்கும் பல்லுக்குத் தயவு தாட்சண்யம் உண்டு. வலிக்கும் பல் யாரைப் பார்த்தாவது ‘பரவாயில்லை’ என்று சொல்லுமா?

கைதட்டலுக்கு நன்றி. அங்கே நீங்கள் விரலால் தாடையைத் தடவுவது எனக்குத் தெரிகிறது, அண்ணே. அனுபவம் பேசுகிறது.

அப்படிப் பிறந்த பயிர்தான் அது. பூத்தாலும் தண்டு விறைக்காது. தழையும் தண்டும் ஒரே பதம். கையில் இருந்த விதையையெல்லாம் சங்கத்து வயலில் விதைத்தாள். வளர்ந்தது. தளதளவென்று நின்றது. அந்த வயலுக்குத் திறப்பு விழா நடத்த நாள் குறித்தார்கள். தலைவர் ஐயா ஒரு சொற்பொழிவைத் தயார் செய்தார். தலைப்பு, ‘நிமிர்ந்து நில்!’ எனக்கு எப்படித் தெரியும்? என் மைக்கில்தானே ஒத்திகை பார்த்தார்!

விழா நாள் விடியற்காலையில் காற்று அடித்தது. பெரிய காற்றுகூட இல்லை. கொடியில் காயும் துணி ஆடும் அளவுக்குத்தான். தலைவர் காரில் வந்து இறங்கினார். வயலைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அந்த உரையாடலை என் மைக் பிடித்துவிட்டது, ஆகவே எழுத்துப் பிசகாமல் சொல்கிறேன்.

“எங்கம்மா பயிரு?”

“இதாங்க ஐயா. படுத்திருக்கு.”

“ஏன், உடம்புக்கு முடியலையா?”

“நல்லாத்தான் இருக்குங்க. காத்துல சாஞ்சுடுச்சு.”

“எழுப்ப முடியாதா?”

முடியாது என்றாள். வேறு ஒருவராக இருந்தால் பேச்சை மாற்றியிருப்பார். நம் தலைவர் சொன்ன சொல் மாறாதவர், எழுதிய பேச்சும் மாறாதவர். மேடை ஏறினார். முழங்கினார். ‘இளைஞனே! இதோ, இந்தப் பயிரைப் பார்! எப்படி நிமிர்ந்து நிற்கிறது, பார்!’ பார்த்தோம். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பாய் விரித்ததுபோலக் கிடந்தது. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாத நிலை. அந்தச் சிரிப்பு ஒலிபெருக்கி வழியாகக் கடைவீதி வரைக்கும் கேட்டது. அன்றைக்கு ஒலியைக் கூட்டி வைக்கச் சொன்னதும் தலைவர்தான். ஐயா, முறைக்காதீர்கள். உங்கள் மனம் நொந்தது எனக்குத் தெரியும். ஆனால் உங்களைப் பார்த்துச் சிரித்தது நாங்கள். பயிர் சிரிக்கவில்லை. அது பாவம், படுத்திருந்தது.

இரண்டாம் குற்றச்சாட்டு, இந்தப் பயிர் மாடுகளைச் சோம்பேறி ஆக்குகிறதாம்! ஆதாரம், தலைவர் வீட்டுப் பசு மகாராணி. விழா முடிந்த மறுநாள் அவள் கயிற்றை அறுத்துக்கொண்டு வயலுக்குள் நுழைந்தாள். முகர்ந்தாள். ஒரு வாய் தின்றாள். பிறகு முன்னங்காலை மடித்தாள், பின்னங்காலை மடித்தாள், படுத்திருக்கும் பயிரின் பக்கத்திலேயே பாந்தமாகப் படுத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டி ஆட்டித் தின்றாள். யாரோ படம் எடுத்துவிட்டார்கள். அந்தப் படம் போகாத வீடில்லை.

நீங்களெல்லாம் படத்தைப் பார்த்துச் சிரித்தபோது என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? பதறியடித்துக்கொண்டு வைக்கோல் கட்டோடு ஓடினாள். வெறும் வயிற்றில் பச்சைக் குதிரைமசாலை அளவில்லாமல் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பிவிடும், காற்று வெளியே வராவிட்டால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு சத்துள்ள தீவனமோ அவ்வளவு கவனம் வேண்டும். முன்கூட்டியே வைக்கோலைப் போட்டு, மசாலை அளந்து கொடுக்கவேண்டும். மகாராணியை எழுப்பி, நடத்தி, இடப்பக்க வயிற்றைத் தடவிக் கொடுத்துக்கொண்டே கூடவே நடந்தாள். கடைசியில் மகாராணி ஓர் ஏப்பம் விட்டாள் பாருங்கள்! என்ன ஓர் ஏப்பம்! என் மனைவி கண்ணை மூடி அதைக் கேட்டாள். என் ஸ்பீக்கரில் நான் போட்ட எந்தப் பாட்டையும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

அதற்கப்புறம் முறைப்படி, வைக்கோலுக்குப் பின் அளவோடு, கையால் அறுத்துப் போட்ட அந்த மசாலைத் தின்ற மாடுகளின் பாலைப் பற்றி நான் சொல்லவேண்டுமா? பால் பரிசோதகர் இங்கே இருக்கிறார். அன்றைக்கு என்ன சொன்னீர்கள், அண்ணே? சத்தமாகச் சொல்லுங்கள். “மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.” கேட்டீர்களா? பால் அவ்வளவு திடமாக இருந்ததால் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறார்! கழுவித் துடைத்து மறுபடியும் பார்த்திருக்கிறார். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது.

நிற்கவில்லை, நிற்கவில்லை என்கிறீர்களே, நிற்பதில் என்ன ஐயா அப்படிப் பெருமை? மின்கம்பம் நிற்கிறது, ஒரு சொட்டுப் பால் கறக்கிறதா? ஆராய்ச்சிப் பண்ணையின் இயந்திரம் நிமிர்ந்துதான் நிற்கிறது, ஒரு தண்டையாவது அளக்கிறதா? நாம் இந்த உலகத்துக்கு வந்தபோது படுத்துத்தானே வந்தோம்? வளரும்போது தொட்டிலில் படுத்துத்தானே வளர்ந்தோம்? மாடு நின்று மேய்வதை எல்லாரும் பார்க்கிறார்கள். ஆனால் அது படுத்து, கண் செருகி, நிதானமாக அசைபோடும்போதுதான் பாலுக்கு வழி பிறக்கிறது என்பது இங்கே எந்தக் கறவைக்காரருக்குத் தெரியாது? படுத்திருப்பதெல்லாம் சோம்பலா? படுத்திருப்பதெல்லாம் தோல்வியா? தலைவர் அவர்களே, தேர்தலில் வென்ற செய்தி வந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? படுத்திருந்தீர்கள்! நான்தான் மைக்கோடு வந்து எழுப்பினேன்.

அறுவடை இயந்திரத்தின் கத்தி அதன்மேல் சீப்புபோல ஓடுகிறது, ஒன்றும் அறுபடவில்லை என்கிறார்கள். அது உண்மையான சங்கடம். அதை ஒப்புக்கொள்கிறேன், என் மனைவியும் ஒப்புக்கொள்கிறாள். ஆனால் தலைவர் ஐயா, நீங்கள் தினமும் என் மைக்செட் கடைக்கு எதிரே டீ குடிக்கிறீர்கள். பிஸ்கட்டை நனைக்கிறீர்கள். ஏன்? மென்மையாக இருந்தால்தான் பிடிக்கிறது. சில நாள் அது பொத்தென்று டம்ளருக்குள் விழுந்துவிடுகிறது. அப்போது என்ன செய்கிறீர்கள்? டீயைச் சாக்கடையில் கொட்டுகிறீர்களா? டம்ளரைக் கவிழ்க்கிறீர்களா? “டேய், ஒரு ஸ்பூன் கொண்டா” என்கிறீர்கள்! பிஸ்கட்டுக்குக் காட்டும் கருணையைப் பயிருக்குக் காட்டக்கூடாதா?

அந்த ஸ்பூனைத்தான் என் மனைவி தேடிக்கொண்டிருக்கிறாள். பண்ணையில் இன்னொரு குதிரைமசால் இருக்கிறது. குட்டையானது, அடித்தண்டு உறுதியானது, சுவைதான் கயிறு மாதிரி. நானே மென்றிருக்கிறேன். அந்தக் குட்டையையும் இந்த மெத்தையையும் சேர்த்தால் நிற்கவும் செய்யும், செரிக்கவும் செய்யும் என்பது அவள் கணக்கு. அதற்கு இந்த வயல் வேண்டும். இதில் இப்போதுதான் பூ விரிந்திருக்கிறது. விதை முற்றும்வரை விடவேண்டும். வேறெங்கும் ஒரு விதைகூடக் கிடையாது, இருந்ததையெல்லாம் இங்கேதான் விதைத்தாள்.

மறுபடியும் முதலிலிருந்து செய்யட்டுமே என்று செயலாளர் முணுமுணுக்கிறார். எப்படிச் செய்வாள் ஐயா? பூ முடிந்த பிறகு பல் டாக்டரிடம் போனோம். “ஏம்மா இவ்வளவு லேட்டா வர்றீங்க?” என்று திட்டிக்கொண்டே பிடுங்கிப்போட்டார். அந்தப் பல் இன்றைக்கு இல்லை! அந்த வலி இல்லை! பழுதான இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் என்றாவது வரும். என் மனைவியின் கடைவாய்ப்பல்லுக்கு எந்தக் கடையில் உதிரிப்பாகம் வாங்குவீர்கள்? நாளைக் காலையில் அந்த வயலில் கலப்பை இறங்கினால், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்ததெல்லாம் மண்ணுக்குள் போய்விடும். எனக்கு அது தாங்கவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று காலை அவள் எனக்கு டீ மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். மெல்லுவதற்குத் தழை எதுவும் கொடுக்கவில்லை. தாய்மார்களே, அந்தத் தழையில்லாத மேசையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்ன தலைவரே? போதுமா? வாக்கெடுப்பா? நடத்துங்கள், தாராளமாக நடத்துங்கள். என்ன முறை? சரி, அறிவிக்கிறேன். ஹலோ, ஹலோ. வயலை உழவேண்டும் என்பவர்கள் எழுந்து நிற்கவேண்டும். வேண்டாம் என்பவர்கள் அப்படியே இருக்கலாம். தலைவர் சொல்லிவிட்டார்.

எழுந்திருங்கள், பெருமக்களே. நிமிர்ந்து நில்லுங்கள். யாருமில்லையா? கடைசி வரிசைப் பெரியவரே? அவர் இன்னும் சிந்திக்கிறார். செயலாளர் அவர்களே? நாற்காலி வசதியாக இருக்கிறதா? தலைவர் ஐயா, நீங்கள் இரண்டு கையையும் ஊன்றுகிறீர்கள். எழ முயற்சியா, சாய முயற்சியா? சாய்ந்துவிட்டார். பெருமக்களே, தலைவர் சாய்ந்துவிட்டார்!

ஒருவருமே… ஐயோ. ஒருவர் எழுந்துவிட்டார். முன்வரிசையில். ஏம்மா, நீயா?

“உக்காரும்மா! எண்ணிட்டிருக்காங்க!”

“நீங்க எண்ணுங்க. வெயில் இருக்கும்போதே பூவைச் சேர்க்கணும், எனக்கு வேலை இருக்கு.”

“இப்ப நின்னா உழச் சொன்னதா ஆயிடும்!”

“ஒரு ஓட்டுதானே? போட்டுக்கோங்க.”

போய்விட்டாள். செயலாளர் பேனாவைத் திறந்துவிட்டார், பதிவு செய்யாமல் விடமாட்டாராம். செய்யுங்கள் ஐயா. உழவேண்டும் என்று விழுந்த ஒரே வாக்கு, அந்தப் பயிரைப் பெற்றவளின் வாக்கு. மற்ற அனைவரும், தலைவர் உட்பட, அமர்ந்தபடியே அந்த வயலைக் காப்பாற்றிவிட்டீர்கள். என்ன தலைவரே, ஏதோ சொல்கிறீர்களே? “விதை வந்ததும் எங்க வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லுப்பா, மகாராணி வேற எதையும் தொடமாட்டேங்குறா.” எடுத்து வைக்கிறோம் ஐயா, முதல் பிடியே உங்களுக்குத்தான்.

இவ்வளவு நேரமும் எழாமல் இருந்த உங்கள் பெருந்தன்மைக்கு என் நன்றி. சிரித்தவர்களுக்கு நன்றி, சிந்தித்தபடி உறங்கியவர்களுக்கு இருமடங்கு நன்றி. இன்னும் பேசுவேன். கரண்டு இருக்கிறது, ஜெனரேட்டரும் இருக்கிறது. ஆனால் அதோ பாருங்கள், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் பல்குத்தும் குச்சி டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது இல்லாமல் அங்கே ஒரு பூவும் திறக்காது. நான் ஓடவேண்டும். மைக்கை யாராவது அணைத்துவிடுங்கள். வணக்கம், வணக்கம், யாரும் எழ வேண்டாம்!